தடை மட்டும் போதுமா? நியூ ஜெர்சியின் நெகிழிச் சட்டங்களும் தமிழர் கடமையும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்றதும் அமெரிக்கத் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருபவை 18ஆம் எண் நெடுஞ்சாலையும், டர்ன்பைக்கின் 9ஆம் வெளிவழியும், பெயர்பெற்ற பள்ளிகளும்தான். அதே நகரின் எல்லைக்குள், ராரிட்டன் ஆற்றை ஒட்டிய எட்ஜ்பரோ சாலையில், பலரும் எண்ணிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் மிடில்செக்ஸ் மாவட்டத்தின் குப்பைக் கிடங்கு. எடிசன், பிஸ்கேட்டவே, வுட்பிரிட்ஜ், சவுத் பிரன்ஸ்விக் எனத் தமிழர்கள் செறிந்து வாழும் ஊர்கள் உள்ளிட்ட 25 நகராட்சிகளைக் கொண்ட மாவட்டம் இது. அங்குள்ள வீடுகளில் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைக்கப்படும் குப்பையின் பெரும்பகுதி இங்கேதான் வந்து சேருகிறது. பொங்கல் விழாவில் உண்டு முடித்த தட்டும், வெள்ளிக்கிழமை இரவு வாங்கிவந்த பிரியாணியின் டப்பாவும், பிறந்தநாள் விருந்தின் குவளையும் போகும் "வெளியூர்" என்று எதுவும் இல்லை. அவை பக்கத்து ஊரிலேயே மண்ணுக்குள் கிடக்கின்றன.

இந்தக் கண்ணோட்டத்தில்தான் நியூ ஜெர்சி மாநிலம் அண்மை ஆண்டுகளில் இயற்றிய இரு சட்டங்களை எடைபோட வேண்டும். புலம்பெயர் தமிழர்களில் பலர் இவற்றை அங்காடியில் பை கிடைக்காத தொல்லையாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். சட்டங்கள் என்ன சொல்கின்றன, எதைச் சாதித்தன, எங்கே நின்றுவிட்டன என்று பார்ப்போர் குறைவு. குடியுரிமை பெற்று வாக்களிக்கும் ஒரு சமூகத்திற்கு இந்த அளவு அறிதல் போதாது.

இரு சட்டங்கள், இரு நோக்கங்கள்

முதல் சட்டத்தில் அன்றைய ஆளுநர் பில் மர்ஃபி 2020ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கையெழுத்திட்டார். அது 2022ஆம் ஆண்டு மே 4 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பைகளை அது தடை செய்தது. 2,500 சதுர அடிக்கு மேற்பட்ட மளிகை அங்காடிகளில் காகிதப் பைக்கும் இடமில்லை என்றது. தமிழ்நாட்டில் தெர்மோகோல் என்றும் இங்கே ஸ்டைரோஃபோம் என்றும் பொதுவாக அழைக்கப்படும் நுரை நெகிழியாலான தட்டு, கிண்ணம், குவளை, உணவுப்பெட்டி ஆகியவற்றின் விற்பனையையும் தடுத்தது. பச்சை இறைச்சி, மீன் வைக்கும் தட்டுகள், சூடான உணவுக்கான இரண்டு அவுன்ஸ் சிறு கிண்ணங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 2024 மே வரை விலக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாவது சட்டத்திற்கு இவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. ஆனால் பொறியியல் நோக்கில் அதுவே ஆழமானது. 2022 சனவரி 18ஆம் நாள் கையெழுத்தாகி, 2024 சனவரி 18 முதல் நடப்புக்கு வந்த இச்சட்டம், நெகிழிக் கலன்களில் குறிப்பிட்ட விழுக்காடு, மக்கள் பயன்படுத்தி எறிந்த பொருளிலிருந்து மீட்டெடுத்த மூலப்பொருளாக இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. பானப் புட்டிகளில் 15 விழுக்காடு, பிற கெட்டி நெகிழிக் கலன்களில் 10 விழுக்காடு என்பது தொடக்க அளவு. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை இவ்வளவுகள் உயர்ந்து 50 விழுக்காட்டை எட்ட வேண்டும். கண்ணாடிக் கலன்கள், காகிதப் பைகள், குப்பைப் பைகள் ஆகியவற்றுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. பொட்டலங்களில் இடம் நிரப்பக் கொட்டப்படும் "வேர்க்கடலை" வடிவ நுரைத் துண்டுகளையும் இதே சட்டம் விற்பனையிலிருந்து விலக்கியது.

முதல் சட்டம் வாசலில் நின்று தடுக்கிறது. இரண்டாவது சட்டம் ஆலைக்குள் சென்று, எதைக் கொண்டு செய்கிறாய் என்று கேட்கிறது. இவ்விரு கேள்விகளும் தேவை.

நுரை நெகிழி ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது?

நுரை நெகிழியின் பருமனில் பெரும்பங்கு, ஏறத்தாழ 95 விழுக்காடும் அதற்கு மேலும், வெறும் காற்றுதான். வெப்பத்தைத் தடுக்கும் அதன் ஆற்றல் அக்காற்றினால் வருவது. அதை மறுசுழற்சிக்கு உதவாததாக ஆக்குவதும் அதே காற்றுதான். ஒரு லாரி நிறைய நுரைக் குவளைகளை ஏற்றிச் சென்றாலும் அதில் இருக்கும் நெகிழியின் எடை மிகக் குறைவு. எரிபொருட் செலவுக்கே கட்டாது. குழம்பும் எண்ணெயும் படிந்த நுரையைக் கழுவித் தூய்மைப்படுத்துவதோ அதனினும் செலவு மிக்கது. ஆகவேதான் அடியில் முக்கோணமும் 6 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தும், வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் அதைப் பெரும்பாலான நகராட்சிகள் ஏற்பதில்லை. அந்த எண் எவ்வகை நெகிழி என்று காட்டும் அடையாளம் மட்டுமே. மறுசுழற்சி செய்யப்படும் என்ற உறுதிமொழி அதில் இல்லை.

காற்றில் பறந்து, மழைநீர் வடிகாலில் இறங்கி, ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் நுரை, மணிமணியாய் உதிர்கிறது. உதிர்ந்ததைத் திரும்பப் பொறுக்க இயலாது. நுரை நெகிழியின் அடிப்படைப் பொருளான ஸ்டைரீனை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் "மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற ஐயப்பாட்டு நிலையிலிருந்து "விளைவிக்க வாய்ப்பு மிக்கது" என்ற நிலைக்கு உயர்த்தியது. அந்த வகைப்பாடு தொழிற்கூடங்களில் ஸ்டைரீனோடு பழகும் தொழிலாளர்களின் ஆய்வுகளைப் பெரிதும் சார்ந்தது. குவளையில் தேநீர் குடித்தவரை அச்சுறுத்த அதைப் பயன்படுத்துவது நேர்மையன்று. ஆயினும், தேவையற்ற ஒரு பொருளைத் தொடர்ந்து காப்பாற்றவும் அது இடம் தரவில்லை.

மீள்பொருள் விதி ஏன் தேவை?

கட்டாய மறுசுழற்சியை மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்குவதில் நியூ ஜெர்சி அமெரிக்காவிலேயே முன்னோடி. அச்சட்டம் 1987இல் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மக்கள் பிரித்துப் போட்டுவருகிறார்கள். ஆனால் பிரித்துப் போடுவதனால் மட்டும் ஒரு பொருள் மறுசுழற்சி ஆகிவிடாது. அதை வாங்க ஓர் ஆலை வேண்டும். நீண்ட காலம் அமெரிக்காவின் கழிவு நெகிழியை வாங்கிய நாடு சீனா. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா அக்கதவை அடைத்தபோதுதான் பல நகராட்சிகளுக்கு உண்மை உறைத்தது. பிரித்தெடுத்த நெகிழி வாங்குவாரின்றித் தேங்கியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டின் நகர்ப்புறக் கழிவில் சேர்ந்த நெகிழியில் மறுசுழற்சி ஆனது 8.7 விழுக்காடு மட்டுமே. எளிதில் மீட்கக்கூடிய தண்ணீர்ப் புட்டி வகையில்கூட அது 29 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

காரணம் விலை. கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் மலியும்போது புது நெகிழி மலிகிறது. பழையதைத் திரட்டி, பிரித்து, கழுவி, உருக்கி எடுத்த மணிகளின் செலவோ குறைவதில்லை. சந்தையின் போக்கில் விட்டால் ஆலை முதலாளி புதியதையே வாங்குவார். சட்டம் "இத்தனை விழுக்காடு மீள்பொருள் கட்டாயம்" என்று சொல்லும்போது, எண்ணெய் விலை எப்படி ஆடினாலும் மீள்பொருளுக்கு நிலையான தேவை பிறக்கிறது. அந்த உறுதி இருந்தால்தான் புதிய சலவை ஆலைக்கும் பிரிப்பு இயந்திரத்துக்கும் எவரும் முதலீடு செய்வர்.

எங்கே ஓட்டை?

இவ்விரு சட்டங்களாலும் பயன் இல்லையென்று எவரும் கூற முடியாது. நியூ ஜெர்சிக் கடற்கரைகளில் பல்லாண்டுகளாகத் துப்புரவுப் பணி நடத்திக் கணக்கெடுக்கும் கிளீன் ஓஷன் ஆக்ஷன் அமைப்பு, தடை வந்த 2022ஆம் ஆண்டிலேயே பைகளும் நுரை உணவுப்பெட்டிகளும் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததைப் பதிவு செய்தது. எனினும் மூன்று குறைகளைச் சுட்டாமல் இருக்க இயலாது.

முதலாவது, மாற்றுப்பொருள். நுரைப் பெட்டி போன இடத்தில் பல இந்திய உணவகங்களில் வந்து அமர்ந்திருப்பது கறுப்பு நெகிழி டப்பா. சாம்பாருக்கும் குருமாவுக்கும் அது வசதி. மூடி இறுக்கமாக நிற்கும். ஆனால் அக்கறுப்பு நிறம் பெரும்பாலும் கரித்தூளால் வருவது. மறுசுழற்சி நிலையத்தின் பிரிப்பு இயந்திரங்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டே எவ்வகை நெகிழி என அறிகின்றன. கரித்தூள் அவ்வொளியை விழுங்கிவிடுவதால் கறுப்பு டப்பா அந்த இயந்திரத்தின் கண்ணுக்கே தெரிவதில்லை. கழுவித் தொட்டியில் போட்டவருக்கு மனநிறைவு கிட்டும். டப்பா போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் குப்பைமேடாகவே இருக்கும். "மக்கும்" என்று எழுதிய கிண்ணங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. அவற்றுள் பலவும் உயர்வெப்பத்தில் இயங்கும் தொழிலக உரக்கூடங்களில்தான் மக்கும். காற்றுப் புகாத கிடங்கிலோ வீட்டுத் தோட்டத்திலோ அவை எளிதில் மக்குவதில்லை.

இரண்டாவது, பை. மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கென்று சட்டம் அனுமதித்த, கைப்பிடி தைத்த தடித்த பைகளே இன்று பல வீடுகளில் மலைபோல் குவிந்துள்ளன. வீட்டுக்கு வந்து தரும் மளிகைச் சேவையில் ஒவ்வொரு முறையும் புதுப் பைகள் வந்தால் வேறென்ன நடக்கும்? பத்து மெல்லிய பைகளின் இடத்தில் ஒரு தடித்த பை வந்து, அதுவும் ஒருமுறையோடு மூலையில் விழுந்தால், நெகிழியின் எடை கூடுமேயன்றிக் குறையாது.

மூன்றாவது, வேகம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பானப் புட்டிக்கு 2024இல் 15 விழுக்காடு. மூன்றாண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு. இப்படியே போனால் 50 விழுக்காட்டை எட்டும் ஆண்டு 2045. இன்று மழலையர் பள்ளியில் சேரும் குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குப் போயிருக்கும் காலம் அது. கலிபோர்னியாவோ 2020இல் இயற்றிய சட்டத்தின்படி 2022இல் 15, 2025இல் 25, 2030இல் 50 விழுக்காடு என்று கெடு வைத்திருக்கிறது. ஒரே குழுமம், ஒரே பானம், ஒரே புட்டி. விரிகுடாப் பகுதியில் 2030இல் முடிவது நியூ ஜெர்சியில் 2045 வரை ஏன் தள்ளிப்போக வேண்டும்?

திரும்பக் கொடுத்தால் காசு

இதற்குப் பதில் தேடினால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். கலிபோர்னியாவில் காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். ஓரிகன் மாநிலம் 1971இலேயே இம்முறைக்குச் சட்டம் செய்தது. பக்கத்திலுள்ள நியூயார்க்கில் 1980களிலிருந்து 5 சென்ட் முன்பணம் உண்டு. கனெக்டிகட்டில் 2024 முதல் அது 10 சென்ட். நியூ ஜெர்சியில் இத்தகைய சட்டம் இல்லை.

மீள்பொருள் விதிக்கும் முன்பணத்துக்கும் என்ன தொடர்பு? எல்லாக் கழிவும் ஒரே தொட்டியில் கலந்து வரும்போது புட்டிகளில் கண்ணாடித் தூளும் உணவு எச்சமும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றிலிருந்து மீண்டும் பானப் புட்டி செய்யும் அளவு தூய பொருளைப் பிரித்தெடுப்பது கடினம். முன்பணத்துக்காகத் தனியே திரும்பி வரும் புட்டிகள் தூய்மையானவை, எண்ணிக்கையிலும் மிகுதி. ஆலைக்கு மீள்பொருளைக் கட்டாயமாக்கிவிட்டு அப்பொருள் வரும் வழியைச் செப்பனிடாமல் விடுவது, வாய்க்கால் வெட்டாமல் வயலுக்கு நீர் கேட்பது போன்றது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. காலிப் புட்டிகளை அடுக்கச் சிறு கடைகளில் இடமில்லை. நகராட்சிகளின் மறுசுழற்சியில் ஓரளவு பணம் தருபவை அலுமினியக் குவளையும் தெளிந்த நெகிழிப் புட்டியுமே. அவை வேறு வழியில் போய்விட்டால் நகராட்சிக்கு இழப்பு. இவற்றைத் தீர்க்க வழிகள் உள்ளன. சிறு கடைகளுக்கு விலக்களித்து, பேரங்காடிகளிலும் தனி மையங்களிலும் இயந்திரங்கள் வைக்கலாம். திரும்பக் கேட்கப்படாத முன்பணத்திலிருந்து நகராட்சிகளுக்கு ஈடு வழங்கலாம். சிக்கல் உண்டென்பதால் முயற்சியே கூடாதென்று சொல்வது ஏற்புடையதன்று.

தாயகம் காட்டும் பாடம்

இவ்விடயத்தில் தமிழர்கள் அமெரிக்காவிடமிருந்து மட்டும் கற்க வேண்டும் என்பதில்லை. நீலகிரி மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டளவிலேயே, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது, நெகிழிக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களை 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. தெர்மோகோல் தட்டும் குவளையும் அப்பட்டியலில் இருந்தன. நியூ ஜெர்சியின் தடை நடப்புக்கு வந்தது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னரே. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி 2022இல் நீலகிரியில் மதுப்புட்டிகளுக்குப் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. நியூ ஜெர்சியில் இன்னும் வராத முறை ஊட்டியில் நடக்கிறது! இந்திய ஒன்றிய அரசும் 2022இல் அறிவித்த விதிகளில், கெட்டி நெகிழிப் பொதிகளில் 2025-26இல் 30 விழுக்காடு, 2028-29இல் 60 விழுக்காடு மீள்பொருள் என இலக்கு வைத்தது.

தாளில் இருப்பதெல்லாம் தரையில் நடக்கிறதா என்று கேட்டால், இல்லைதான். தமிழ்நாட்டுச் சந்தைகளில் தடைசெய்த பைகள் இன்றும் கிடைக்கின்றன. தடையை அறிவிப்பது எளிது. மாற்றை மலிவாகவும் கைக்கெட்டும் தொலைவிலும் வைப்பதே கடினம். அந்தப் பாடம் சென்னைக்கும் பொருந்தும், ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கும் பொருந்தும்.

உரிமை என்ற பெயரால்

"எதில் உண்பது என்பதை அரசா முடிவு செய்வது?" என்ற கேள்வி டெக்சாஸ் தமிழர்களுக்குப் பழக்கமானது. அங்கே லரேடோ நகரம் கொண்டுவந்த பைத்தடையை 2018 சூனில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதையொட்டி ஆஸ்டின் நகரமும் தன் தடையைக் கைவிட்டது. கழிவுப் பொதிகளைப் பற்றி நகரங்கள் தனியே விதி செய்ய மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். தடை நல்லதா கெட்டதா என்பதை அத்தீர்ப்பு ஆராயவில்லை. மக்கள் விரும்பினாலும் ஒரு நகரம் தன் குப்பையைத் தானே கட்டுப்படுத்த முடியாத நிலையை உரிமை என்று சொல்ல முடியுமா?

சிறு உணவகங்களின் குரலையும் கேட்க வேண்டும். நுரைக் குவளைக்கு ஈடான மாற்று விலை கூடியது. பெருந்தொடர் உணவகங்கள் மொத்தமாக வாங்கிச் சமாளிக்கும். குடும்பமாக நடத்தும் தோசைக்கடை சமாளிப்பது கடினம். அக்கடைகளிடம் பேரம் பேசும் தமிழர்களே, மறுநாள் சுற்றுச்சூழல் பற்றி மேடையேறிப் பேசுவது முரண். கலனுக்குரிய சில சென்ட்டுகளை வாடிக்கையாளர் மனமுவந்து ஏற்பதே முறை.

செய்யக்கூடியவை

தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் கோயில் அமைப்புகளும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவளிக்கின்றன. ஆகவே தொடக்கம் அங்கேயே அமையலாம்.

1. சங்கங்கள் கூட்டாகச் சில நூறு எவர்சில்வர் தட்டுகளும் குவளைகளும் வாங்கி, ஊர் ஊராகச் சுற்றில் விடலாம். கழுவும் வசதியுள்ள அரங்குகளைத் தேர்ந்தெடுக்கலாம். அனைத்து விழாவுக்கும் இயலாவிடில், இருநூறு பேருக்குட்பட்ட நிகழ்வுகளில் தொடங்கலாம்.

2. விழா அழைப்பிதழிலேயே "தண்ணீர்ப் புட்டி கொண்டுவருக" என்று ஒரு வரி சேர்த்து, அரங்கில் குடிநீர்க் கலன்களை வைக்கலாம்.

3. உணவகங்களில் கறுப்பு டப்பாவுக்குப் பதில் தெளிந்த நிறக் கலனைக் கேட்டு வாங்கலாம். ஒரே கடையில் ஐம்பது குடும்பங்கள் கேட்டால் கடைக்காரர் மாற்றிவிடுவார்.

4. குவிந்துள்ள தடித்த பைகளை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கலாம். தேவையா என்று முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

5. நகராட்சி மன்றக் கூட்டங்களிலும் சுற்றுச்சூழல் ஆணையக் கூட்டங்களிலும் தமிழர்கள் எழுந்து பேச வேண்டும். ஈஸ்ட் பிரன்ஸ்விக் நகரம், இளவேனில் மழையிரவுகளில் குளம் நோக்கிப் போகும் சலமாண்டர் உயிரிகள் நசுங்காதிருக்க பீக்மன் சாலையை மூடும் நகரம். கேட்பவர்க்குச் செவி கொடுக்கும் ஊரில் கேட்காமலிருப்பது யார் பிழை?

6. புட்டி முன்பணச் சட்டத்தையும், மீள்பொருள் இலக்குகளை விரைவுபடுத்தும் திருத்தத்தையும் தத்தம் மாநில மன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் வலியுறுத்தலாம். ஒரு சங்கத்தின் தாளில் ஐந்நூறு கையொப்பங்கள் சென்றால் அது கவனிக்கப்படும்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் படித்துவிட்டு வந்து, தமிழ் விழாவின் குப்பைத் தொட்டியைப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்காமல் விட்டாலும் கேள்வி அங்கேயே நிற்கிறது. வாழையிலையில் உண்டு, மந்தாரையிலையைத் தைத்துப் பயன்படுத்தி, எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் பொறித்துத் தலைமுறை தாண்டிக் காத்த ஒரு சமூகம், மறுபயன்பாட்டைப் பிறரிடம் கற்க வேண்டிய சமூகம் அன்று. மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டாலே போதும்.

சட்டம் பாதி வழி வந்துவிட்டது. மீதி வழியைக் கடக்க மக்களின் பழக்கமும் வாக்கும் வேண்டும். அடுத்த பொங்கல் விழாவுக்குத் திட்டமிடும் செயற்குழுக்கள், தட்டைப் பற்றிய தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலின் முதல் வரியில் வைக்கட்டும்!